கையெழுத்து முதல்வருடையது, முடிவு யாருடையது?

வாசகர் கேள்வி – பதில்: கல்விப் பகுதி

தனியார் பள்ளிகளில் முதல்வராக இருப்பவர்கள், ஆகப்போகிறவர்கள், அவர்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகளை அங்கே அனுப்பும் பெற்றோர் ஆகியோர் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். எழுதியவர்களில் பலர் வேலையில் இருப்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: 14 ஆண்டுகளாக முதுகலை ஆசிரியையாக வேதியியல் நடத்துகிறேன். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு கல்விக் குழுமம் தன் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளிக்கு முதல்வராக வரச் சொல்கிறது. சம்பளம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சேருவதற்கு முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்? – வாசகி, ஈரோடு மாவட்டம்

சம்பளப் பேச்சுக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: "என்னைக் கேட்காமல் யாரும் எடுக்கக்கூடாத முடிவு என்று இந்தப் பள்ளியில் எது இருக்கிறது?" அவர்கள் சொல்லும் பதிலிலேயே அந்தப் பதவி எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

தனியார் பள்ளியை நடத்துவது ஓர் அறக்கட்டளையோ, பதிவு பெற்ற சங்கமோ, லாபநோக்கற்ற நிறுவனமோதான். அதன் சார்பில் கல்வித் துறையிடம் பேசுபவர் தாளாளர். தமிழ்நாட்டில் 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பள்ளிக் குழு இருக்க வேண்டும் என்றும், தலைமையாசிரியர் பதவி வழியாகவே அதில் உறுப்பினர் என்றும் வைத்தது. ஆசிரியர் நியமனமும் ஒழுங்கு நடவடிக்கையும் அந்தக் குழுவின் வேலை. பிறகு வந்த 2018ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2023இல் விதிகள் வந்தன. நடைமுறையில் பல பள்ளிகளில் அந்தக் குழு தீர்மானப் புத்தகத்தில் மட்டுமே கூடுகிறது. குழுமப் பள்ளிகளில் தாளாளருக்கும் மேலே மண்டல மேலாளர், அகடமிக் டைரக்டர் என்று இன்னொரு அடுக்கு இருக்கும். அவர்கள் வேறு ஊரில் உட்கார்ந்திருப்பார்கள். துறையிலிருந்து வரும் நோட்டீஸோ உங்கள் மேசைக்கு வரும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். 2014இல் விசாரணை நீதிமன்றம் தண்டித்தவர்களில் பள்ளி நிறுவனரோடு தலைமையாசிரியையும் இருந்தார். கட்டடத்துக்குக் கூரை போடும் பணம் தன் கையில் இல்லை என்பது தலைமைப் பொறுப்பில் இருப்பவரைக் காப்பாற்றிவிடாது.

ஆகவே சேருவதற்கு முன் நான்கு சான்றிதழ்களின் அசலைப் பாருங்கள்: கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. ஒவ்வொன்றிலும் காலாவதித் தேதியைப் படியுங்கள். எல்லாம் ஒரே நாளில் முடிவதில்லை, ஒன்று உயிரோடு இருக்கும்போது இன்னொன்று முடிந்திருக்கும். கூடவே அங்கீகார ஆணை எந்த ஆண்டு வரை, எந்த வகுப்பு வரை, எத்தனை பிரிவுகளுக்கு என்று பாருங்கள். எட்டாம் வகுப்பு வரை அங்கீகாரம் வாங்கிவிட்டு ஒன்பதில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, "மேல்வகுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்பார்கள். அது நடக்காவிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடைசி நேரத்தில் வேறு பள்ளியின் பெயரில் தேர்வெழுத வைக்கும் வேலை முதல்வர் தலையில் விழும். கட்டண நிர்ணயக் குழுவின் ஆணையையும், கடைசி மூன்று மாத வருங்கால வைப்பு நிதிச் செலான்களையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, உங்கள் அதிகாரம் இவை என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்குவது. நியமன ஆணையில் "நிர்வாகம் இடும் பணிகளைச் செய்ய வேண்டும்" என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் உங்களிடம் எதுவும் இல்லை என்று பொருள். அந்தப் பக்கத்தில் இவ்வளவாவது இருக்கட்டும்: யாரையும் கேட்காமல் நீங்கள் செலவழிக்கக்கூடிய தொகை, உதாரணமாக ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்; மின்கசிவு, உடைந்த கைப்பிடிச் சுவர், பேருந்தின் பிரேக் போன்ற பாதுகாப்புக் காரியங்களுக்கு உச்சவரம்பு கிடையாது, செய்துவிட்டுத் தெரிவிக்கலாம் என்ற வரி; ஆசிரியர் தேர்வில் நீங்கள் வேண்டாம் என்றவரை நியமிக்க முடியாது என்ற உறுதி; ஒரு ஆசிரியரையோ மாணவரையோ வெளியேற்றுவதற்கு முன் உங்கள் எழுத்துப்பூர்வமான கருத்து; கால அட்டவணையும் தேர்வு அட்டவணையும் உங்களுடையவை என்பது. எல்லாவற்றுக்கும் ஒப்ப மாட்டார்கள். பாதுகாப்புச் செலவையும் ஆசிரியர் தேர்வையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சி.பி.எஸ்.இ. பள்ளியாக இருந்தால், இணைப்பு விதிகளின்படி முதல்வர்தான் பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர் செயலர். அதில் பெற்றோரும் ஆசிரியர்களும் இருக்க வேண்டும். குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டு, நடவடிக்கைக் குறிப்பைப் பாருங்கள்.

சேர்ந்த முதல் நாளே பொறுப்பேற்புப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டைகள், சம்பளப் பட்டியல், ஆய்வகப் பொருள் இருப்பு, கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸின் கடவுச்சொல், சான்றிதழ்களின் நகல் எல்லாம் அதில் வர வேண்டும். அடிக்கட்டையில் எண் விட்டுப்போயிருந்தால் அன்றைக்கே குறித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் அது உங்கள் காலத்தில் தொலைந்ததாகிவிடும்.

கேள்வி: கட்டணம் கட்டாத பிள்ளைகளைத் தேர்வு அறைக்கு வெளியே நிறுத்தச் சொல்கிறார் தாளாளர். டிசி கேட்டு வருபவர்களுக்குப் பாக்கி தீரும்வரை தரக்கூடாதாம். முதல்வர் என்ற முறையில் நான் என்ன சொல்வது? – வாசகர், திருச்சி

செய்ய மாட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அவரும் கேட்பார். கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, வேறு பள்ளிக்குப் போக விரும்பும் குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். தாமதம் செய்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகிறவர் தலைமையாசிரியர் அல்லது பொறுப்பாளர் என்று சட்டமே எழுதியிருக்கிறது. தாளாளர் பெயர் அங்கே இல்லை. 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. கூடப் படிக்கும் 40 பேர் பார்க்க ஒரு பிள்ளையைச் சுவரோரம் நிறுத்துவது மனத் துன்புறுத்தல் இல்லாமல் வேறென்ன? இந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான் என்று வாதிடுவார்கள். ஆனால் மாற்றுச் சான்றிதழ் கட்டண வசூலுக்கான கருவி அல்ல, அதில் பாக்கி பற்றி எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது.

இன்னொரு பிடியும் நடைமுறையில் உண்டு. காகிதத்தில் டிசி கொடுத்துவிட்டு, எமிஸ் தளத்தில் மாணவரைப் பொதுத் தொகுப்புக்கு விடாமல் வைத்திருப்பது. அப்படிச் செய்தால் புதிய பள்ளியால் பிள்ளையைப் பதிவு செய்ய முடியாது. இந்த வேலையை அலுவலக உதவியாளரிடம் விட்டுவிடாமல், டிசியில் கையெழுத்திட்ட அன்றே நீங்களே திரையில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அதே நேரம், பாக்கி வசூலாகாவிட்டால் அடுத்த மாதம் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தாமதமாகும் என்ற தாளாளரின் கவலை பொய்யில்லை. எனவே மறுப்பதோடு நிற்காமல் மாற்று வழியையும் மேசையில் வையுங்கள். கட்டணப் பேச்சு முழுவதும் கணக்கு அலுவலகத்துக்கும் பெற்றோருக்கும் நடுவில் மட்டும் நடக்கட்டும். வகுப்பாசிரியர் கையில் பாக்கிப் பட்டியலே போகக் கூடாது. கெடு முடிந்து 15 நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு, 30 நாளில் கடிதம், 45 நாளில் பெற்றோரை நேரில் அழைத்துத் தவணை எழுதி வாங்குவது என்று ஒரு முறை வையுங்கள். மூன்று தவணையாகப் பிரித்துக் கேட்டால் கட்டக்கூடியவர்கள் பலர், மொத்தமாகக் கேட்பதால்தான் ஓடி ஒளிகிறார்கள். வேலை இழந்த வீடு, நோய் கண்ட வீடு ஆகியவற்றுக்குச் சலுகை தர ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை ஒதுக்கச் சொல்லுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை முதல்வரும் கணக்கரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.

கேட்கும் தொகை சரியானதா என்பதையும் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று ஆண்டுகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. பள்ளி இருக்கும் இடம், கட்டமைப்பு, நிர்வாக, பராமரிப்புச் செலவு, வளர்ச்சிக்கு வேண்டிய நியாயமான உபரி ஆகியவற்றை வைத்து அந்தத் தொகை வருகிறது. அதற்கு மேல் வாங்கினால் சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஆணையின் நகல் அறிவிப்புப் பலகையில் இருந்தால் பாதிச் சண்டை குறையும். "ஸ்மார்ட் கிளாஸ்", "ஆக்டிவிட்டி" என்ற பெயர்களில் ரசீது இல்லாமல் வாங்கும் பணத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. அந்தப் பணத்தை வாங்கும் வேலையை ஏற்காதீர்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளின் கட்டணத்தை அரசு திருப்பித் தரத் தாமதமாகிறது என்பதும் உண்மைதான். 2025–26இல் ஒன்றிய அரசின் நிதி வராததால் அந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போனது. ஆனால் அது பள்ளிக்கும் அரசுக்கும் உள்ள கணக்கு. அதற்காக அந்தக் குடும்பங்களிடம் முன்பணம் கேட்பது சரியல்ல.

கேள்வி: ஒவ்வொரு ஆசிரியரும் 10 அட்மிஷன் பிடிக்க வேண்டும், முதல்வருக்கு மொத்தம் 120 என்று டார்கெட் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல், மே முழுக்கத் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுக்கிறோம். இதுவா தலைமைப் பணி? – வாசகி, நாமக்கல் மாவட்டம்

இல்லை. ஆனால் தனியார்மயம் ஒரு முதல்வரின் நாளை முதலில் தின்பது இந்த இடத்தில்தான். வகுப்பறையில் உட்கார்ந்து பாடம் கவனிக்க வேண்டிய நேரம் வரவேற்பறையில் போகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு கல்விசாரா வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. இதைச் சொல்லி நிர்வாகத்தோடு மோதுவதைவிட அவர்கள் மொழியில் கணக்குப் போட்டுக் காட்டுவது பலன் தரும்.

உங்கள் பள்ளியில் 800 பிள்ளைகள், சராசரிக் கட்டணம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 சதவீதம் பேர் விலகினால் 96 பிள்ளைகள், 28,80,000 ரூபாய். விலகலை 7 சதவீதத்துக்குக் குறைத்தால் 56 பேர்தான் போவார்கள். தங்கிவிட்ட 40 பேரால் 12 லட்சம் ரூபாய் மிச்சம், ஒரு நோட்டீஸ் அடிக்காமலேயே. 40 ஆசிரியர்கள் 10 நாள் தெருவில் நடந்தால் 400 ஆசிரியர் நாள். அந்த நாள்களில் பாதியைக் கோடையில் பாடத் தயாரிப்புக்கும், பின்தங்கியவர்களுக்கு வாசிப்புப் பயிற்சிக்கும் கொடுத்தால் விலகல் தானாகவே இறங்கும்.

அதற்கு முதலில் யார், ஏன் போகிறார்கள் என்று தெரிய வேண்டும். கடந்த இரண்டு ஆண்டுகளின் டிசி அடிக்கட்டைகளை வகுப்புவாரியாகப் பிரியுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்தும் எட்டாம் வகுப்பு முடித்தும் போவது பெரிய பள்ளியைத் தேடி. நடுவில், இரண்டாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ ஆண்டின் பாதியில் போனால் காரணம் உள்ளே இருக்கிறது. பெரும்பாலும் வகுப்பாசிரியர் அடிக்கடி மாறியிருப்பார், அல்லது பேருந்துத் தடம் மாறியிருக்கும். விலகிய குடும்பங்களில் 15 பேரை நீங்களே தொலைபேசியில் அழையுங்கள். "திரும்பி வாருங்கள்" என்று கேட்காமல், "எது சரியில்லை" என்று மட்டும் கேளுங்கள்.

டார்கெட்டை நிரப்பும் அவசரத்தில் இன்னொரு தவறும் நடக்கும். எல்.கே.ஜி.க்கு வரும் குழந்தைக்குத் தேர்வு வைத்து, பெற்றோரை நேர்காணல் செய்து "நல்ல" பிள்ளைகளைப் பொறுக்குவது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி இப்படி வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம்.

கேள்வி: "100 சதவீதத் தேர்ச்சி" என்ற பேனரை நம்பலாமா? அந்தப் பள்ளியின் முதல்வர் நல்லவர் என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா? – வாசகர், சேலம்

பேனரில் இல்லாத இரண்டு எண்களைக் கேளுங்கள். போன கல்வியாண்டின் ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? இந்தக் கல்வியாண்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அந்தப் பள்ளி மாணவராக எழுதியவர்கள் எத்தனை பேர்? 60 பேர் இருந்து 48 பேர் எழுதி 48 பேரும் தேறியிருந்தால், அந்த 12 பேர் எங்கே? எட்டு வரை நிறுத்தி வைக்க முடியாது என்பதால் ஒன்பதில்தான் வடிகட்டுகிறார்கள். "உங்கள் பிள்ளைக்கு இது சரிப்படாது, டிசி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். இல்லாவிட்டால் தனித்தேர்வராக எழுதச் சொல்வார்கள். நல்ல முதல்வர் இதைச் செய்ய மறுப்பவர். அவருடைய பள்ளியில் தேர்ச்சி 96 சதவீதமாக இருக்கலாம். நம் கணக்கில் அதுதான் பெரிய சாதனை.

மேல்நிலை வகுப்பில் வேறு மாதிரி. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்த பள்ளிகளால்தான் 2017–18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. அதே 2017இல் அரசு ரேங்க் பட்டியல் அறிவிப்பதையும் நிறுத்தியது. இப்போது மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025–26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. மாணவர்களின் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பாமல் பார்ப்பது இனி முதல்வரின் கையில் மட்டுமே இருக்கிறது. பிளஸ் ஒன் ஆய்வகப் பதிவேட்டில் எத்தனை சோதனைகள் நடந்திருக்கின்றன, அரையாண்டுக் கேள்வித்தாள் எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று டிசம்பரில் ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும். நீட் தேர்வில் 11ஆம் வகுப்புப் பாடமும் வரும் என்பதைச் சொன்னால் நிர்வாகமும் கேட்கும்.

நீட், ஜே.இ.இ. பயிற்சி நிறுவனங்களைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவரும் ஒப்பந்தங்களில் முதல்வர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பயிற்றுநர்கள் உங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள், உங்கள் பேச்சுக்கும் கட்டுப்பட மாட்டார்கள். ஆனால் வகுப்பில் ஏதேனும் நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவர்களுடைய பின்னணிச் சரிபார்ப்பு, பாட நேரம், பிள்ளைகளை எப்போது வீட்டுக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் முதல்வரின் ஒப்புதலுக்கு உட்பட்டவை என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆறு ஆண்டில் நான்கு முதல்வர்களைப் பார்த்துவிட்டோம். சம்பளத்தை வங்கியில் போட்டு ஒரு பகுதியைப் பணமாகத் திரும்ப வாங்குகிறார்கள். அசல் சான்றிதழ்கள் அலுவலக பீரோவில் இருக்கின்றன. முதல்வரிடம் சொன்னால் "எனக்கும் அதே நிலைதான் டீச்சர்" என்கிறார். – ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

உங்கள் முதல்வரின் கையறு நிலை எங்களுக்குப் புரிகிறது. அதே நேரம் அவர் செய்யக்கூடியதும் இருக்கிறது. வங்கிக் கணக்கில் காட்டும் சம்பளம்தான் கட்டண நிர்ணயக் குழுவிடம் செலவாகக் காட்டப்படுகிறது. அதில் ஒரு பகுதி திரும்பி வருகிறது என்று தெரிந்தே சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுபவர் அந்தப் பொய்க்கணக்கின் பங்காளி ஆகிவிடுகிறார். இதை அவரிடம் தனியாக, அமைதியாகச் சொல்லுங்கள். பல முதல்வர்களுக்கு இது உறைப்பதே இல்லை.

அசல் சான்றிதழைப் பிடித்து வைக்க எந்தப் பள்ளிக்கும் உரிமை கிடையாது. கல்விச் சான்றிதழ் ஈடாக வைக்கக்கூடிய விற்பனைப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டு நகல் வைத்துக்கொள்வதுதான் முறை. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு கேட்டு எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டது கணக்கில் வராது.

பணிக்கொடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியர்களுக்கும் அது உண்டு என்ற சட்டத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உறுதி செய்தது. 1997 ஏப்ரல் 3 முதல் அது செல்லும். ஐந்து ஆண்டு தொடர் பணி இருந்தால், கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டால் பெருக்க வேண்டும். 26,000 ரூபாய் சம்பளத்தில் 10 ஆண்டு வேலை பார்த்தவருக்கு 1,50,000 ரூபாய். ஏப்ரலில் விடுவித்து ஜூனில் புதிதாக எடுப்பது போலக் காட்டுவது இந்தத் தொடர்ச்சியை உடைக்கத்தான். அதற்கான ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல்வர்கள் மாறிக்கொண்டே இருப்பதற்கு வருவோம். ஒரு பள்ளியின் பாடத்திட்டத்தையும் ஆசிரியர்களையும் புரிந்துகொள்ளவே ஒரு முழு ஆண்டு பிடிக்கும். ஒன்றரை ஆண்டில் மாறுகிறவர், தான் தொடங்கிய எதன் விளைவையும் பார்ப்பதில்லை. அதனால்தான் அவர்கள் பாடம் கற்பிப்பதைத் தொடாமல் சீருடை, ஆண்டு விழா, முகப்பு என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் மாற்றுகிறார்கள்.

கேள்வி: நான் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். சுற்றிலும் ஆங்கிலவழிப் பள்ளிகள். நிர்வாகம் எங்கள் வளாகத்திலேயே சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு நடத்துகிறது. இரண்டையும் நானே பார்க்கிறேன். – வாசகர், திருநெல்வேலி

தனியார்மயம் தனியார் பள்ளிக்குள் மட்டும் நடப்பதில்லை என்பதை உங்கள் கடிதம் காட்டுகிறது. 1991–92க்குப் பிறகு தொடங்கிய பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று தமிழ்நாடு முடிவெடுத்தது. அதனால் பழைய உதவி பெறும் பள்ளிகள் வளர வேண்டுமென்றால் சுயநிதிப் பிரிவு ஒன்றே வழியானது. விளைவாக, ஒரே ஸ்டாஃப் ரூமில் அரசுச் சம்பளம் வாங்குபவரும் அதில் நான்கில் ஒரு பங்கு வாங்குபவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்களுக்கு முதல் ஆபத்து ஆகஸ்ட் 1 கணக்கு. அன்றைய மாணவர் எண்ணிக்கைப்படிதான் ஆசிரியர் பணியிட நிர்ணயம். தொடக்க வகுப்பில் 30 பேருக்கு ஒருவர், ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர். தமிழ்வழியில் பிள்ளைகள் குறையக் குறைய மானியப் பணியிடம் உபரியாகும், ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார். பக்கத்துக் கட்டடத்துக்குப் பிள்ளையை நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் உங்கள் சொந்தப் பணியிடத்தில் கைவைக்கிறீர்கள். இரண்டாவது ஆபத்து கலப்பு. வருகைப் பதிவேடு, கணக்கு, ஆய்வகப் பொருள் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். மானிய ஆசிரியரைச் சுயநிதி வகுப்புக்கு அனுப்பி, சுயநிதி ஆசிரியரை வைத்து மானிய வகுப்பை ஓட்டுவது தணிக்கையில் பிடிபடும். பதில் எழுத வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள்.

தமிழ்வழிப் பெற்றோரிடம் சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் காட்டுவதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் தடையில்லாமல் வாசிப்பதை மாதம் ஒருமுறை பெற்றோரை அழைத்து நேரில் கேட்க வையுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இதற்கு ஏதாவது தீர்வு உண்டா? – வாசகர், சென்னை

முழுத் தீர்வு எங்கும் இல்லை. சிலி நாடு, பிள்ளை சேரும் பள்ளிக்கே அரசுப் பணம் போகும் வவுச்சர் முறையை 1981இல் கொண்டுவந்து, 2015இல் அரசுப் பணம் பெறும் பள்ளிகள் லாபம் எடுக்கக் கூடாது, பிள்ளைகளைப் பொறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஸ்வீடனில் 1992 முதல் நிறுவனங்கள் பள்ளி நடத்துகின்றன. 2013இல் ஒரு பெரிய நிறுவனம் திவாலானபோது பள்ளிகள் கை மாறின, சில மூடப்பட்டன. இங்கிலாந்தில் அகாடமி அறக்கட்டளைகள் பல பள்ளிகளை ஒன்றாக நடத்துகின்றன. அங்கே தலைமையாசிரியருக்கு எது, உள்ளூர்க் குழுவுக்கு எது, அறக்கட்டளைக்கு எது என்று அதிகாரப் பகிர்வை ஒரு ஆவணமாக எழுதி வைக்கிறார்கள். முதல் கேள்விக்கு நாங்கள் சொன்ன அந்த ஒரு பக்கம் இதன் சின்ன வடிவம்தான்.

கேள்வி: பள்ளியில் ஒரு ஊழியர் மீது மாணவி புகார் சொன்னார். "பள்ளி பெயர் கெட்டுவிடும், உள்ளேயே முடித்துவிடலாம்" என்கிறது நிர்வாகம். – முதல்வர், மேற்கு மாவட்டம் ஒன்று

உள்ளே முடிக்க முடியாது. புகார் பாலியல் குற்றம் பற்றியது என்றால், குழந்தைகளை அதிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, தெரிந்தவுடன் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு 21ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. நிர்வாகத்தின் அனுமதி வேண்டியதில்லை. மாணவியை நீங்களோ குழுவோ திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டு, இன்றே தெரிவியுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் அழைக்கலாம். அந்த ஊழியர் பிள்ளைகள் பக்கம் வராமல் இந்த நிமிடமே தடுத்து வையுங்கள். மாணவியின் பெயர் ஆசிரியர் அறைக்குக்கூடப் போகக் கூடாது.

கேள்வி: விலகுவதென்று முடிவு செய்துவிட்டேன். எப்படி வெளியே வருவது? – முதல்வர், கடலூர் மாவட்டம்

முடிந்தால் பொதுத்தேர்வு முடிந்த பிறகு விலகுங்கள். செய்முறைத் தேர்வுக்கும் ஹால் டிக்கெட்டுக்கும் நடுவில் போனால் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். நியமன ஆணையில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தைக் கணக்கிட்டு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். வந்தபோது எழுதியது போலவே பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக நீங்கள் கையெழுத்திட்ட டிசியின் எண், சான்றிதழ்களின் காலாவதித் தேதி, கையிருப்பில் உள்ள வெற்றுப் படிவங்களின் எண்ணிக்கை அதில் வரட்டும். கையெழுத்திட்ட வெற்றுப் படிவம் ஒன்றுகூட அலுவலகத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்யுங்கள்.

பள்ளி வங்கிக் கணக்கில் உங்கள் கையெழுத்து இருந்தால் வங்கிக்குத் தனியாகக் கடிதம் கொடுங்கள். இன்ன தேதியிலிருந்து நான் முதல்வர் அல்ல என்று தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். எமிஸ் தளத்திலும் வாரியத்தின் இணையதளத்திலும் பதிந்திருக்கும் உங்கள் கைபேசி எண்ணை மாற்றச் சொல்லி, மாறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள். பலர் இதை மறந்துவிட்டு, ஓராண்டு கழித்தும் அந்தப் பள்ளியின் ஓ.டி.பி. தங்கள் கைபேசிக்கு வருவதைப் பார்க்கிறார்கள். அந்த எண்ணைச் சொல்லிவிட்டால், அதன் பிறகு அங்கே பதிவாவது எல்லாம் உங்கள் பெயரில்தான் போகும்.